வாயை மூடிக்கொண்டு வாசிப்பது

ஆகஸ்ட் 4, செவ்வாய்

எழுத்து கோணலாக இருக்கிறது, மன்னிக்க வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்? இந்த நோட்டிடம்தான் என்று வைத்துக்கொள்ளலாம். நாற்பது வருடம் பேக்கரி அடுப்பில் தட்டு இழுத்த விரல்கள் இவை. பென்சில் இவற்றுக்குப் புதுச் சம்பந்தி மாதிரி. மரியாதையாக இருக்கின்றன, ஒட்ட மாட்டேன் என்கின்றன. ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது.

ஆனாலும் எழுதுகிறேன். எழுபத்தொரு வயதில் எழுதப் படிக்கத் தெரிந்துவிட்டது. இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

சர்ச் ஹாலில் செவ்வாயும் வியாழனும் மாலை வகுப்பு. டீச்சரம்மா பகலில் தபால் ஆபீசில் முத்திரை குத்துகிறவர். அதனாலோ என்னவோ, நாங்கள் சரியாக வாசித்தால் மேசையில் ஒரு குத்து விடுவார். "மனசுல என்ன வருதோ அதை எழுதுங்க, எல்லாத்தையும் எழுதுங்க" என்று இன்று இந்த நோட்டைக் கொடுத்தார்.

வீட்டில் நாங்கள் நாலு பேர். மகன் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறான். மருமகள் தையல் கம்பெனியில் காலர் தைக்கிறாள். பேத்திக்குப் பதினாறு வயது. பொடிசு என்று கூப்பிட்டால் கோபம் வரும், அதற்காகவே அப்படிக் கூப்பிடுகிறேன். அவளுக்கும் எனக்கும் ஒரே அறை. நடுவில் பீரோவைக் குறுக்கே நிறுத்தி இரண்டாக்கியிருக்கிறோம். ஜன்னல் அவள் பக்கம், மின்விசிறி என் பக்கம். இந்தப் பக்கம் நான் எழுத்துக் கூட்டினால் அந்தப் பக்கம் இருந்து திருத்தம் வரும். ஆள் தெரியாது, குரல் மட்டும்.

ஆகஸ்ட் 6, வியாழன்

சோப்பு டப்பா ஒன்றை முழுக்க வாசித்தேன். ஒரு சோப்பைப் பற்றி இவ்வளவு பேச முடியுமா. பெண் பார்க்க வந்த வீட்டில்கூட இத்தனை பெருமை பேச மாட்டார்கள்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

இன்று ஒரு பெரிய சந்தோஷம்.

எங்கள் சர்ச் வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. வேண்டுதல் உள்ளவர்கள் சீட்டில் எழுதிப் போடுவார்கள், பெயர் போடுவதில்லை. ஞாயிறன்று ஒருவர் முன்னால் நின்று ஒவ்வொன்றாக வாசிப்பார். சபை கண்ணை மூடி ஜெபிக்கும்.

இன்று ஆராதனை முடிந்ததும் போதகர் என் தோளைப் பிடித்தார். "அடுத்த வாரம் நீங்க வாசிங்க ஐயா. நம்ம வாலிபப் பிள்ளைங்க பார்க்கட்டும். முயற்சி பண்ணினா எந்த வயசுலயும் முடியும்னு அவங்களுக்கு ஒரு தைரியம் வரும்."

நானா. இத்தனை வருடமாகப் பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, பக்கத்து ஆள் திருப்பும்போதெல்லாம் நானும் ஒரு பக்கம் திருப்பியவன்.

மகன் சர்ச் கமிட்டியில் இருக்கிறான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவனும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தான்.

ஆகஸ்ட் 13, வியாழன்

பழைய சீட்டுகளை வைத்துப் பழகுகிறேன்.

பீரோவுக்கு அந்தப் பக்கம் இருந்து: "தாத்தா, ஒவ்வொரு எழுத்தாத் தூக்கிட்டு வராதீங்க. மொத்தமாத் தூக்குங்க."

"செங்கல்லா அது, மொத்தமாத் தூக்க?"

"நீங்க வாசிச்சா செங்கல்தான். கீழ விழற சத்தம் இங்க கேக்குது."

ஒரு சங்கடம் உண்டு. சொல்லை வாய் முதலில் சொல்லிவிடுகிறது. அதைக் காது கேட்டு, அப்புறம்தான் அர்த்தம் வந்து சேர்கிறது. டீச்சரம்மாவிடம் சொன்னேன். புதிதாகப் படிக்கிற எல்லோருக்கும் அப்படித்தான் என்றார்.

பொடிசு சண்டே ஸ்கூலில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறவள். வாரம் முழுக்க அந்தப் பக்கம் பாட்டும் கைதட்டலுமாக இருக்கும். இந்த வாரம் பாட்டே இல்லை. பரீட்சை போலிருக்கிறது.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

எழுதத்தான் வேண்டுமா? எல்லாவற்றையும் எழுதச் சொன்னார்களே. எழுதுகிறேன்.

இஸ்திரி போட்ட சட்டை. மருமகள்தான் போட்டுக் கொடுத்தாள். முன்னால் போய் நின்றேன். முதல் சீட்டு, யாருக்கோ முழங்கால் வலி. தடுக்காமல் வாசித்தேன். இரண்டாவது, வேலை கிடைக்க வேண்டும். அதுவும் நன்றாக வந்தது. மூன்றாவதைப் பிரித்தேன்.

"எங்கள் ஒரே மகள். வயது பதினாறு. சிறு பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறவள். ஜெபம் பண்ணினால் யாரும் கேட்கிற மாதிரித் தெரியவில்லை என்று தாயிடம் சொல்லியிருக்கிறாள். அவள் அவிசுவாசத்தின் பிடியிலிருந்து விடுபட சபை ஜெபிக்க வேண்டும்."

அவிசுவாசத்தின் என்பது பெரிய சொல். விழாமல் மொத்தமாகத் தூக்கிவிட்டேன். தூக்கிவிட்டு, பார்த்தாயா என்கிற மாதிரி நிமிர்ந்து அவளைத் தேடினேன்.

முன் பெஞ்சில் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் இருந்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அர்த்தம் வந்து சேர்ந்தது.

பெயர் இல்லைதான். எங்கள் சர்ச்சில் பாட்டுச் சொல்லித் தருகிற பெண் ஒருத்திதானே.

சபை கண்ணை மூடியது. அவளுக்குப் பக்கத்தில் இருந்த குட்டிப் பையன் மட்டும் மூடவில்லை. "அக்கா, அது நீங்களா?" என்று கேட்டான். எல்லோருக்கும் கேட்டது. அப்புறம் எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 17, திங்கள்

ஒன்றும் எழுத வரவில்லை. விரல் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 19, புதன்

மூன்று நாளாக வீட்டில் பாத்திரம் மட்டும்தான் பேசியது. இன்று மனிதர்கள் பேசினார்கள். பேசாமல் இருந்திருக்கலாம்.

துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவள் அம்மாவிடம் கேட்டாள். "இதே மாதிரி துணி மடிக்கிறப்பதானேம்மா சொன்னேன். உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன்."

மருமகள் அழுதாள். "அப்பாகிட்ட சொல்லாம எப்படிடி இருக்கிறது?"

மகன் உள்ளே வந்தான். "என்ன தப்பு இதுல? ஊர்ல போய்ப் புறணியா பேசினேன்? ஜெபத்துக்குத்தானே குடுத்தேன்."

"ஊர்ல பேசியிருந்தா பரவால்லப்பா. ஊர் கண்ண மூடிக்கிட்டுப் பேசாது."

அவன் வந்த வழியே திரும்பிப் போனான். அவள் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் தேவலை. சீட்டை எழுதினது அவன். பெட்டியில் போட்டது அவன். ஆனால் சபை கேட்டது என் குரலை. நானும் அவளும் மூச்சு விடுவதுகூடக் கேட்கிற அறையில் இருந்துகொண்டு, அவள் பாடாத வாரத்தைப் பரீட்சை என்று நினைத்தவன் நான்.

நாளை வகுப்புக்கான பாடத்தை இன்று சத்தமாக வாசித்துப் பார்த்தேன். வேண்டுமென்றே தப்பாக வாசித்தேன். அந்தப் பக்கம் இருந்து திருத்தம் வரவில்லை.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

அவள் சர்ச்சுக்கு வரவில்லை. வயிற்று வலி என்றாள். நான் போனேன்.

எத்தனை அன்பு. வாசலில் ஆளாளுக்கு என் கையைப் பிடித்து, "பேத்திக்காக விடாம ஜெபிக்கிறோம் ஐயா" என்கிறார்கள். இவர்களில் ஒருத்தர் அந்தப் பிள்ளையிடம் என்னம்மா ஆச்சு என்று கேட்டதுண்டா? சண்டே ஸ்கூல் நடத்துகிற அம்மா மகனைத் தனியாகக் கூப்பிட்டு, பெற்றோர் சிலர் யோசிக்கிறார்கள், கொஞ்ச நாள் பாட்டுக்கு வேறு ஆள் வைக்கிறோம் என்றார். அவன் தலையை ஆட்டினான். குரல் தாழ்த்திப் பிள்ளையின் கையிலிருந்து பாட்டைப் பிடுங்கிக்கொள்வதற்கும் ஒரு சாந்தமான முகம் வேண்டியிருக்கிறது. அது அந்த அம்மாவிடம் இருந்தது.

வீட்டுக்கு வந்து பீரோவைப் பார்த்துச் சொன்னேன்: "நான் ஒரு சீட்டு எழுதிப் போடறேன்மா. நான் பண்ணினது தப்புன்னு. நானே வாசிக்கிறேன், எல்லார் முன்னாடியும்."

அந்தப் பக்கம் இருந்து குரல் வந்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் குரல்.

"மறுபடியும் என்னைப் பத்தி எல்லாரும் கேக்கணுமா தாத்தா?"

ஆமாம். என் மனசு லேசாவதற்காக அவளை இன்னொரு முறை முன்னால் நிறுத்தப் பார்த்தேன். கிழவனுக்குப் புத்தி இவ்வளவுதான்.

ஆகஸ்ட் 25, செவ்வாய்

டீச்சரம்மாவிடம் கேட்டேன்: "வாயத் திறக்காம வாசிக்க முடியுமா?"

"முடியும். அதுதான் கஷ்டம். உதடு துடிக்கும். பல்லால கடிச்சுக்கோங்க."

வகுப்பு முழுக்க உதட்டைக் கடித்துக்கொண்டு வாசித்தேன். முதலில் ஒன்றும் புரியவில்லை, இருட்டில் செருப்புத் தேடுகிற மாதிரி இருந்தது. கடைசியில் ஒரு வரி, சத்தமே இல்லாமல், உள்ளே வந்து உட்கார்ந்தது. டீச்சரம்மா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். மேசையில் குத்தவில்லை. அவரும் வாயைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 27, வியாழன்

போதகர் வந்தார். இந்த ஞாயிறும் நீங்களே வாசியுங்கள், போன தடவை பலர் உள்ளம் தொடப்பட்டார்கள் என்றார். தொடப்பட்டார்களாம். சரி என்றேன். அவள் அந்தப் பக்கம்தான் இருந்தாள். ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

எல்லோருக்கும் முன்னால் நின்று, ஒவ்வொரு சீட்டையும் முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டு வாசித்தேன். பிறகுதான் சத்தமாக. சபை பொறுமை இழந்தது, இருமினார்கள். இருமட்டும்.

நாலாவது சீட்டு யாரோ ஒருவர் தன் பிள்ளையைப் பற்றி எழுதியது. அதில் என்ன இருந்தது என்று இங்கே எழுத மாட்டேன். மடித்தேன். சட்டைப் பையில் வைத்தேன். அடுத்ததை எடுத்தேன்.

முடிந்ததும் எங்கள் சபையில் உள்ள கண்ணாடிக்கடைக்காரர் வந்து வழியை மறித்தார். "பெரியவரே, என் சீட்டு எங்க?"

"பையில இருக்கு."

"வாசிக்கலையே நீங்க."

"வாசிச்சேன். வாய மூடிக்கிட்டு."

"கிண்டலா? என் பையனுக்காக நான் ஜெபம் கேக்கிறேன்."

"அவன்கிட்ட கேட்டீங்களா?"

"அவனுக்காகத்தானே கேக்கிறேன்."

"அவன்கிட்ட கேட்டீங்களான்னு கேட்டேன்."

கூட்டம் கூடிவிட்டது. போதகர் வந்தார், மெதுவாகத்தான் பேசினார், எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார். சீட்டை என்னிடம் வாங்கிக் கண்ணாடிக்கடைக்காரரிடம் கொடுத்தார். "இனிமே வேற யாராவது வாசிக்கட்டும் ஐயா. உங்களுக்கும் அலைச்சல்" என்றார். மகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான், பள்ளியில் பிள்ளையைப் பற்றிப் புகார் கேட்கிற அப்பன் மாதிரி. நான்தான் அந்தப் பிள்ளை.

ஒரே ஒரு தடவைதான் நன்றாக வாசித்தேன். அதோடு வேலை போயிற்று.

அந்தப் பிள்ளைக்காக நான் ஜெபிக்காமல் இல்லை. நடந்து வரும்போது ஜெபித்தேன். ஆண்டவருக்குச் சீட்டு வேண்டியதில்லை.

செப்டம்பர் 2, புதன்

மகன் பஸ் கழுவிக்கொண்டிருந்தான். வாளி எடுத்துக் கொடுக்கப் போனேன். திட்டுவான் என்றுதான் போனேன். திட்டவில்லை.

"பஸ்ல நாப்பது பிள்ளைங்க வாய் ஓயாமப் பேசுதுங்கப்பா. எல்லாத்துக்கும் பதில் சொல்றேன். வீட்டுக்கு வந்தா இவகிட்ட எங்கே ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. பயந்துட்டேன். எழுதிப் போட்டுட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"உங்ககிட்டயும் எங்கே ஆரம்பிக்கிறதுன்னு தெரியலயே."

சக்கரத்தில் தண்ணீர் அடித்தான். வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரே வீட்டில் எல்லோரும் ஜெபிக்கிறோம். ஒருத்தரோடு ஒருத்தர் பேசுவதில்லை.

அவன் அவளிடம் மன்னிப்புக் கேட்டானாம், மருமகள் சொன்னாள். அவள் சரி என்றாளாம். அந்தச் சரி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். பேக்கரியில் முதலாளியிடம் நானும் அந்தச் சரி நிறையச் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 6, ஞாயிறு

அவள் இன்றும் சர்ச்சுக்கு வரவில்லை. பாட்டுக்குப் புது ஆள் வந்தாயிற்று. பிள்ளைகள் தப்பான இடத்தில் கை தட்டுகிறார்கள்.

சாப்பிட்டு முடித்து, கட்டிலில் உட்கார்ந்து இந்த நோட்டைப் பிரித்தேன். பீரோவுக்கு அந்தப் பக்கம் இருந்து, "தாத்தா."

"சொல்லும்மா."

"கண்ணாடிக்கடைப் பையன் ஸ்கூல்ல வந்து பேசினான். உங்க தாத்தா என்னைப் பத்தின சீட்டை வாசிக்கலைன்னான். அவங்க அப்பா வீட்டுல கத்தினாராம். ஆனா விஷயம் என்னன்னு யாருக்கும் தெரியலல்ல. அதுக்கு தேங்க்ஸ் சொல்லச் சொன்னான்."

நோட்டை மடியில் கவிழ்த்தேன்.

"இப்ப எழுதறீங்களா?"

"பென்சிலக் கீழ வச்சிட்டேன்."

"நிஜமா?"

பென்சிலைப் பீரோவுக்கு அடியில் உருட்டி அவள் பக்கம் அனுப்பினேன். எடுத்துக்கொள்கிற சத்தம் கேட்டது.

அதன் பிறகு அவள் பேசினாள். ரொம்ப நேரம் பேசினாள். நடுவில் நான் சொன்னதை எழுதலாம், அது என்னுடையது. எனக்கும் பல நாள் ஜெபத்துக்குப் பதில் கேட்டதில்லை என்று சொன்னேன். விடியற்காலை அடுப்பு முன்னால் நின்று ஜெபிப்பேன், அடுப்புச் சத்தம்தான் கேட்கும்.

"அப்புறம் ஏன் பண்ணீங்க?"

"பக்கத்துல யாரோ நிக்கிற மாதிரி இருக்கும்மா. பதில் சொன்னதில்ல. விட்டுட்டுப் போனதும் இல்ல."

அதற்கு அவள் ஒன்று சொன்னாள். அது அவளுடையது.

அடுத்த ஞாயிறு அவள் வருவாளா, தெரியாது. கேட்கவில்லை. சாயங்காலம் பென்சில் பீரோவுக்கு அடியில் உருண்டு என் பக்கம் திரும்பி வந்தது. முனை சீவியிருந்தது.

அடுத்த வாரம் இதே இடத்தில் உட்கார்ந்து எழுதுவேன். சோப்பு டப்பா இருக்கிறது, பஸ் போர்டு இருக்கிறது, மருந்துப் புட்டி இருக்கிறது. எழுதுவதற்கு எவ்வளவோ இருக்கிறது.