சேர்த்தவள் அவள், நீக்கியவள் நான்

மார்ச் 3, செவ்வாய்

சமையலறைக் குழாய் ஒருவழியாகச் சொட்டுவதை நிறுத்தியது. வேலையை முடித்த குழாய்க்காரர், "அவ்வளவுதான் பாட்டிம்மா" என்றார். "மேடம்" என்று திருத்தினேன். "சரிங்க பாட்டி மேடம்" என்றார். சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. தரையைத் துடைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

அவர் போனதும் தொலைபேசி. குடிநீர் அலுவலகத்தின் கணினிப் பிரிவு மேலாளர், ஒரு பெண். சுற்றி வளைக்காமல் பேசினாள், பிடித்திருந்தது. பழைய கணினியை நிறுத்தப்போகிறார்களாம். அதிலுள்ள புரோகிராம்களைப் புதியதற்கு மாற்றுகிறார்கள். பழைய கட்டணக் கணக்குப் புரோகிராம் ஒன்றை மட்டும் நீக்க முடியவில்லையாம். என்ன செய்தாலும் மறுக்கிறதாம்.

"நீக்கற ரொட்டீன் நீங்க எழுதினதுன்னு உள்ளே உங்க பேர் இருக்கு மேடம். ஒரு தடவை வந்து பாக்க முடியுமா?"

மறுக்கிறதா? மறுக்கத்தான் வேண்டும். அப்படித்தானே எழுதினேன்!

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கேட்டவுடன் சரி என்பது அழகில்லை.

மார்ச் 4, புதன்

நேற்றிலிருந்து அந்தக் கூடமே கண்ணில் நிற்கிறது. குளிரூட்டிய கூடம். அடியில் கம்பிகள் ஓட இடம் விட்டுப் போட்ட பொய்த்தரை, குதிகால் செருப்பு பட்டால் பறை மாதிரி அதிரும். துணி அலமாரி உயரத்துக்குக் கணினிகள். அவற்றின் இரைச்சலில் பழகிவிட்டு வெளியே வந்தால் காது காலியாகிவிட்ட மாதிரி இருக்கும். கான்வென்டில் சிஸ்டர் பழக்கிய பழக்கம், புரோகிராம் எழுதும் தாளிலும் ஓரக்கோடு போடுவேன். "கம்ப்யூட்டர் மார்ஜின் பாத்தா மார்க் போடப்போகுது?" என்று கேட்டவள் பஞ்சு.

அவளும் நானும் ஒரே மேசை. அட்டையில் துளை போடும் பஞ்ச் பிரிவிலிருந்து வந்ததால் அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர் பஞ்சு. எங்கள் இருவருக்கும் கொடுத்த வேலை லைப்ரரி. நூற்றுக்கணக்கான சின்னச் சின்னப் புரோகிராம்கள் ஒரே கோப்பில் கிடக்கும். எது எங்கே என்று சொல்ல முன்னால் இன்டெக்ஸ், அதாவது பெயர்ப் பட்டியல். அதில் ஒரு பெயர் இருக்கும், அந்தப் பெயருக்குரிய இடம் இருக்கும். அந்தப் பெயருக்குத்தான் கீ என்று பெயர். ஒரே புரோகிராமுக்கு இரண்டு மூன்று கீ கூட இருக்கலாம்.

சேர்க்கும், தேடும் ரொட்டீன்களை, அதாவது அந்தந்த வேலையைச் செய்யும் சின்னப் புரோகிராம்களை, அவள் எழுதினாள். நீக்குவது நான். கீயை நீக்குவது ஒரு வேலை, புரோகிராமையே நீக்குவது வேறு வேலை. ஒரே ஒரு கீ மிச்சமிருந்து அதைக் காட்டிக்கொண்டிருந்தாலும் புரோகிராமைத் தொட விடக்கூடாது. அது நான் வைத்த காவல். இல்லையென்றால் பெயர் இருக்கும், கூப்பிட்டால் அங்கே எதுவும் இருக்காது. அதைவிடக் கேவலம் உண்டா?

"சேக்கறது நான், கழட்டி விடறது நீ. உன்னைக் கட்டிக்கப்போறவன் பாவம்டி" என்பாள் பஞ்சு.

கட்டிக்கொண்டது அவளுடைய அண்ணனே.

மார்ச் 5, வியாழன்

போகப்போவதில்லை. அவர்கள் பாடு.

மார்ச் 7, சனி

காலையில் துணி மடிக்கும்போது என் வீட்டுக்காரர் ஞாபகம். ஞாபகம் என்ன, அவர் எந்த நேரம்தான் மனதை விட்டுப் போனார்? அலுவலக வாசலில் முதன்முதலாக நின்ற கோலம்தான் இன்று வந்தது.

நில அளவை வேலை. கால் நிறையப் புழுதி. கையில் பழுப்பு ஸ்வெட்டர். "பொடிசு இருக்காளா? ஸ்வெட்டரை வீட்லயே வெச்சுட்டு வந்துட்டா" என்று காவலாளியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். காவலாளி தன்னிடமிருந்த பெயர்களை எல்லாம் பார்த்துவிட்டு, அப்படி யாரும் இங்கே இல்லை, வேறு எங்காவது போய்த் தேடு என்று விரட்டினார். பஞ்சுவை வீட்டில் பொடிசு என்று கூப்பிடுவார்கள் என்பது அலுவலகத்தில் எனக்கு மட்டும் தெரியும்.

"பொடிசுன்னா பஞ்சு. கொடுங்க, நான் கொடுத்துடறேன்."

"நீங்க யாரு?"

"அவ சேக்கறதையெல்லாம் நீக்கறவ."

ஒன்றும் புரியாமல் சிரித்தார். மறுநாள் இன்னொரு ஸ்வெட்டரோடு வந்தார். அதற்கு அடுத்த வாரம் இன்னொன்று. "எனக்கு எத்தனை உடம்பு இருக்குன்னு நெனச்சே அண்ணா?" என்று பஞ்சு வாசலிலேயே மானத்தை வாங்கினாள்.

வீட்டில் ஒரு பெயர், அலுவலகத்தில் ஒரு பெயர், சம்பளப் பட்டியலில் ஒரு பெயர். எதைச் சொல்லிக் கேட்டாலும் ஆள் கிடைக்க வேண்டும். அந்த மாதமே பஞ்சு தன் ரொட்டீனை அப்படித் திருத்தினாள்.

கல்யாணத்துக்குப் பிறகு எனக்கும் அவளிடம் இரண்டு பெயர். வீட்டில் "அண்ணி, வாங்க, உக்காருங்க." அலுவலகப் படி ஏறிவிட்டால் "ஏய், நகருடி." ஒருநாள்கூட மாற்றிச் சொன்னதில்லை.

மார்ச் 9, திங்கள்

வருகிறேன் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அவள் சொல்கிறாள்: "ரொம்ப சந்தோஷம். இன்னொரு மேடமும் வரேன்னு சொல்லிட்டாங்க. வியாழக்கிழமை ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தா சுலபமா முடிஞ்சுடும்."

சுலபமாக! நாத்தனாரும் நானும் ஒரு வருடமாகப் பேசுவதில்லை என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கப்போகிறார்கள்?

நடந்தது இதுதான். போன வருடம் அவர் போன பிறகு, செய்ய வேண்டியதை எல்லாம் உடனே செய்து முடித்தேன். வாசல் பெயர்ப்பலகையைக் கழற்றினேன். தொலைபேசி, எரிவாயு, வங்கி, எல்லாவற்றிலும் அவர் பெயரை எடுத்து என் பெயரைப் போட்டேன். துக்கம் என்றால் மேசை அலங்கோலமாகக் கிடக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பஞ்சு வந்தாள். வாசலைப் பார்த்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அதுக்குள்ள எங்க அண்ணனைத் தொடச்சுப் போட்டாச்சா? நீங்க மனுஷியா, மெஷினா?"

"வாசல் அந்தப் பக்கம்" என்றேன்.

போய்விட்டாள். இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளித்தான் இருக்கிறாள், தனியாக. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அவளுக்கு நாங்கள்தான், எனக்கும் அவள்தான். ஆனாலும் நான் ஏன் முதலில் பேச வேண்டும்? அந்தக் கேள்வியைக் கேட்டது அவள்.

வியாழக்கிழமை அவள் பேசவில்லை என்றால் இனி எப்போதும் பேசப்போவதில்லை. அது எனக்குத் தெரியும். எங்கள் வயதுக்கு இன்னொரு வருடத்தை யாரும் கையெழுத்துப் போட்டுத் தரமாட்டார்கள்.

நீலச் சேலையை இஸ்திரி போட்டு வைத்தேன்.

மார்ச் 12, வியாழன்

போனேன். வந்தேன். வரிசையாக எழுத வேண்டும். எழுதினால்தான் எனக்கே நம்பிக்கை வரும்.

கூடம் இல்லை. கம்பளம் விரித்துச் சின்னச் சின்னத் தடுப்புகளாக்கிவிட்டார்கள். பழைய கணினி என்று கைப்பெட்டி அளவில் ஒன்றைக் காட்டினாள் மேலாளர். நாங்கள் எழுதிய எல்லாம் அதற்குள் அப்படியே ஓடுகிறதாம்.

பஞ்சு முன்பே வந்திருந்தாள். இளைத்திருக்கிறாள். எழுந்து நின்று, "வணக்கம் மேடம்" என்றாள்.

மேடம்! இத்தனை வருடத்தில் என்னை அவள் கூப்பிடாத ஒரே பெயர்.

"வணக்கம்" என்றேன்.

இடையில் மேலாளரை உட்கார வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினோம். லைப்ரரியில் இன்டெக்ஸ் இரண்டு. முதலாவதில் புரோகிராமின் பெயர். இரண்டாவதில் அதற்குள்ளே நுழையும் வழிகளின் பெயர்கள். இவர்கள் முதலாவதில் மட்டும் நீக்கிவிட்டு ஏன் மறுக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது இன்டெக்ஸுக்கு மாறச் சொன்னேன். அதிலிருந்தவற்றையும் எடுத்தோம். மறுபடி நீக்கச் சொன்னோம்.

மறுத்தது. இன்னும் ஏதோ ஒரு கீ அதைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

பஞ்சு என்னைப் பார்க்காமல் மேலாளரிடம் சொன்னாள்: "பாத்தீங்களா, ஒரு பேர் மிச்சம் இருந்தாக்கூட ஆளைத் தூக்க மாட்டேங்குது. மெஷினுக்கு இருக்கற ஈரம் எழுதினவங்களுக்கு இல்ல."

நான் அலுவலகத்தில் குரல் உயர்த்தியவள் இல்லை. இன்று உயர்த்தினேன். என்ன சொன்னேன் என்று அப்படியே எழுதுகிறேன்.

"எதுடி ஈரம்? வாசல்ல பேர் இருக்குன்னு தினம் ஒருத்தன் பெல் அடிக்கறான், சார் இருக்காரான்னு கேக்கறான். ஃபோன்ல ஒருத்தி, சாரைக் கொஞ்சம் கூப்பிடுங்கங்கறா. ஒவ்வொருத்தர்கிட்டயும் போயிட்டார், போயிட்டார்னு யார் சொல்றது? நீயா வந்து சொன்னே? நான்தானே சொன்னேன்! முடியல. கேக்கற வாயை மூடத்தான் பேரை எடுத்தேன். ஆளை எடுக்கல. அவரை எங்கேயிருந்துடி எடுக்கறது?"

மேலாளர் எழுந்தாள். "டீ சொல்லிட்டு வந்துடறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள். நல்ல பெண்.

பஞ்சு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். இடத்தைக் கொடுத்தால், அந்த இடத்தைக் காட்டும் பெயர்களை எல்லாம் திருப்பித் தரும் ரொட்டீன் ஒன்று அவள் எழுதியது. அன்றைக்கு, இது எதற்கு, வேண்டாத வேலை என்று நானே சொல்லியிருக்கிறேன். விரல்கள் பார்க்காமலே தட்டின. திரையில் விடை வந்தது.

குனிந்தாள். மூக்கு திரையில் முட்டும் அளவுக்கு.

"என்ன வந்திருக்கு?"

"வந்திருக்கு."

"என்னன்னு படி."

"நீங்களே படிச்சுக்குங்க."

அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். இல்லை, தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பிடிக்கப் பார்க்கிறாள். நான் படித்தேன். ஆங்கிலச் சின்ன எழுத்தில் ஏ, ஏ, ஏ. அவ்வளவுதான். யாரோ யாரையோ கூப்பிடுகிற மாதிரி.

"ஐயய்யோ" என்றாள் பஞ்சு. "சேக்கற ரொட்டீன் ஓடுதான்னு பாக்க ஒரு நாள் போட்டேன். எடுக்க மறந்தே போச்சு."

"இத்தனை வருஷமா உக்காந்து கூப்பிட்டுட்டே இருந்திருக்கு."

"யாருமே என்னன்னு கேக்கல பாரு!"

முதலில் சிரித்தது அவள்தான். பிறகு நானும். வாயை மூடிக்கொண்டு சிரிக்கத்தான் சிஸ்டர் கற்றுத்தந்தார். இன்று கை அந்தப் பக்கம் போகவே இல்லை.

விசைப்பலகையை என்னிடம் தள்ளினாள். "எடுடி. எடுக்கறது உன் வேலை."

கீயை எடுத்தேன். பிறகு புரோகிராமை. இந்த முறை மறுக்கவில்லை. ஊர் முழுவதற்கும் தண்ணீர்க் கட்டணம் போட்ட கணக்கு. ஒரு சத்தமும் இல்லாமல் போயிற்று. மேலாளர் டீயோடு உள்ளே வந்தபோது இரண்டு கிழவிகளும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தோம்.

மார்ச் 13, வெள்ளி

நேற்று படி இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். படி தெரியாமல் பிடித்திருக்கிறாள்.

மார்ச் 16, திங்கள்

தொலைபேசியில் நானே கூப்பிட்டேன். ஆமாம், நானே.

"கண்ணு எத்தனை நாளா இப்படி?"

"எப்படி?"

"நடிக்காதே."

பிறகு சொன்னாள். போன கோடையிலேயே அறுவை செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியாயிற்றாம். "கூட யார் வருவாங்கன்னு கேட்டாங்க அண்ணி. யாரும் இல்லன்னுட்டு வந்துட்டேன்."

"எப்படி அப்படிச் சொல்வே?"

"பின்ன? வாசல் அந்தப் பக்கம்னு சொன்னவங்களைக் கூட்டிட்டுப் போகவா?"

கோடை போய், மழை போய், இன்னொரு கோடையும் வந்தாயிற்று. என் சொல்லுக்கு நான் கொடுத்த மரியாதையில் அவள் கண் பாதி போயிருக்கிறது. மன்னிப்புக் கேட்கத் தெரிந்திருந்தால் அப்போதே கேட்டிருப்பேன்.

"டாக்டர்கிட்ட நாள் கேளு" என்றேன். "எந்த நாளா இருந்தாலும் எனக்குச் சௌகரியம்தான்."

"உங்களுக்கு எந்த நாள் அசௌகரியம்? குழாய்க்காரர் வர்ற நாளா?"

வாய் மட்டும் குறையவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

கண் மருத்துவமனை, பிற்பகல். வலக்கண் முடிந்தது. நன்றாக வந்திருக்கிறதாம், கட்டை நாளை அவிழ்ப்பார்கள். இடக்கண் அடுத்த மாதம். அதுவரை என் வீட்டில்தான் என்று சொல்லிவிட்டேன். "என்னை ஒழுங்கு பண்ணியே கொன்னுடுவீங்க" என்றாள். வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

செவிலி கேட்டாள், நீங்கள் இவருக்கு என்ன உறவு என்று. "கூட வேலை பாத்தவங்க" என்றேன் நான். அதே நேரத்தில் "அண்ணி" என்றாள் அவள். செவிலி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மருந்தைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மல்லாந்து படுத்திருக்கிறாள். தூங்குகிறாள் என்று எண்ணித்தான் எழுதத் தொடங்கினேன்.

"என்ன எழுதறீங்க?"

"டயரி."

"தினமும் எழுதறீங்களா?"

"பள்ளிக்கூடத்திலேர்ந்து."

"அண்ணன் போன வருஷத்ததும் இருக்கா?"

"இருக்கு."

"எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

இதுவரை யாருக்கும் காட்டியதில்லை. அவருக்கே காட்டியதில்லை. "அதுல பெரும்பாலும் ஒண்ணும் இல்ல. தேதி மட்டும் போட்டிருப்பேன். கீழே வெறும் தாள்" என்றேன்.

கட்டுப் போட்ட முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"பரவாயில்ல. தேதியைப் படிச்சுட்டுத் தாளைத் திருப்புங்க. நான் கேட்டுக்கறேன்."

அந்த டயரி என் அலமாரியில், சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. நாளைக் காலை எடுத்து வர வேண்டும்.