இரண்டு நொடிக் கெடு

ஜனவரி 9

என் சுண்டெலிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே "இந்தாம்மா, பெரியவ பேசறா" என்று கைமாற்றிவிட்டு ஓடிவிடுகிறாய். கடிதத்தை அப்படிக் கைமாற்ற முடியாது. அம்மாவுக்குக் கண்ணில் புரை, நீதான் முழுசாகப் படித்தாக வேண்டும். நல்ல தண்டனை உனக்கு.

இந்த வெளிநாட்டு ஆபீஸில் நான் என்னதான் செய்கிறேன் என்று கேட்டாயே. ஆறு வருஷம் கழித்தாவது கேட்டாய். சொல்கிறேன், கொட்டாவி விடாதே. கம்ப்யூட்டருக்கு உள்ளே கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுப்பது அதுதான். படங்களைக் கோத்துத் தரும் கார்டு மாதிரி ஒரு சாதனம் "இந்தப் பக்கம் வேண்டும்" என்று கேட்கும்போது சில சமயம் அந்தப் பக்கம் இடத்தில் இருக்காது. உடனே கார்டு கையைக் கட்டிக்கொண்டு நின்று ஒரு விண்ணப்பம் போடும். கெர்னல் அந்தப் பக்கத்தைத் தேடிக் கொண்டுவந்து வைத்துவிட்டு "ஆச்சு" என்று பதில் சொல்ல வேண்டும். இதற்குப் பேஜ் ஃபால்ட் என்று பெயர். பெயரில்தான் ஃபால்ட், தினம் லட்சம் தடவை நடக்கிற காரியம். சாதனங்கள் போடும் அந்த விண்ணப்பங்களைக் கவனிக்கும் பகுதி என் பொறுப்பு.

ஓடுகிற ஒவ்வொரு ப்ரோகிராமுக்கும் கெர்னல் ஒரு எண் கொடுக்கும். ஒரு ப்ரோகிராமை மூடும்போது, அதன் எண்ணில் பாக்கி நிற்கும் விண்ணப்பங்களுக்கெல்லாம் பதில் சொல்லி முடித்த பிறகுதான் அந்த எண்ணை இன்னொரு ப்ரோகிராமுக்குக் கொடுக்க வேண்டும். இந்தக் காத்திருப்பால் இயந்திரங்கள் சில சமயம் அப்படியே உறைந்து நின்றன. உலகம் முழுக்க எங்களைத் திட்டித் தீர்த்தார்கள். நான் துணிந்து இரண்டு நொடிக் கெடு வைத்துவிட்டேன். அதற்கு மேல் யாருக்காகவும் காத்திருப்பது கிடையாது. எங்கள் குழுவில் ஒரு கண்ணாடிக்காரர் இருக்கிறார், எதையும் மூன்று தடவை சரிபார்க்கிற ஆள். "கடைசி பதில் போற வரைக்கும் காத்திருக்கணும்மா, கெடுவெல்லாம் வைக்காதே" என்றார். "ரெண்டு நொடியில முடியாத விண்ணப்பம் ஒண்ணு காட்டுங்க சார், வேலையையே விட்டுடறேன்" என்றேன். சிரித்துவிட்டு ஒப்புதல் கொடுத்துவிட்டார். இப்போது பாராட்டு மழை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மாவை மாடிப்படி ஏற விடாதே. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஜனவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

கொட்டாவி விடாமல் இரண்டு தடவை படித்தேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். "அப்படின்னா இவ அங்கே தபால்காரி வேலையா பாக்கறா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு வேடிக்கை கேள். எங்கள் ஆஸ்பத்திரி ஸ்கேன் அறையிலும் இதே தொல்லை இருந்தது. ஒருவருடைய படத்தை மூடினால் திரை கல்லாகச் சமைந்துவிடும். நான் அந்த உருளை நாற்காலியில் உட்கார்ந்து விழித்துக்கொண்டிருப்பேன், வராந்தாவில் காத்திருப்பவர்கள் கதவைத் தட்டுவார்கள். போன வாரம் புதுசாக ஏதோ போட்டுவிட்டுப் போனார்கள். இப்போது மூடினால் படக்கென்று மூடுகிறது. பராமரிப்புக்காரரிடம் கேட்டேன். "கெர்னல் மாத்தியிருக்கோம் மேடம்" என்றார். "அது எங்க அக்கா செஞ்சது" என்றேன். நம்பவே இல்லை. இருக்கட்டும், எனக்குத் தெரியுமே. அன்றைக்கு முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

ஒரு நாளைக்கு நாற்பது பேர் வருகிற இடத்தில் இப்போது ஐம்பத்தைந்து பேரை முடித்து அனுப்புகிறேன். உன் புண்ணியம்.

உன் அன்புத் தங்கை


பிப்ரவரி 13

அக்கா,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். போன் பண்ணாதே. உன் குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன், அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள். அவளுக்கு எதுவும் தெரியாது. விடுமுறை எடுத்திருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு பஸ் டிரைவர் வந்தார். படியில் வழுக்கித் தலையில் அடி. நான்தான் தலையை ஸ்கேன் செய்தேன். படம் பார்க்கும் டாக்டர் ஒன்றுமில்லை என்று எழுதினார், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் இறந்துபோனார். தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, அக்கா. படத்தில் அது இல்லை. பழைய படங்களை எடுத்துப் பார்த்ததில், அவருடைய படத்தின் மேல்பாதி அவருக்கு முன்னால் வந்த அம்மாளுடையது என்று தெரிந்துவிட்டது. அவசரத்தில் நான் மாற்றிச் சேர்த்துவிட்டேன் என்கிறார்கள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

நான் செய்யவில்லை. பொத்தானைத் தொட்டது, நோயாளி எண்ணைத் தட்டியது எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஆனால் பெரிய டாக்டர் எல்லார் முன்னாலும், "இயந்திரமா தானா எடுத்து மாத்தி வெச்சுது?" என்று கேட்டுவிட்டார்.

சுண்டெலி


பிப்ரவரி 22

என் கண்ணே,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நீ அப்படிப்பட்டவள் இல்லை. பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அட்டை போடும்போதுகூட ஓரத்தை ஸ்கேல் வைத்து மடிப்பவள் நீ.

ஒன்றே ஒன்று மட்டும் எழுது. அந்தப் படத்தில் எங்கேயாவது குறுக்காக ஒரு கோடு இருந்ததா? முந்தைய அம்மாளின் படத்தை மூடி எவ்வளவு நேரத்தில் டிரைவரின் படத்தைத் திறந்தாய்? யோசித்து எழுது. யாரிடமும் இதைப் பற்றிப் பேச வேண்டாம்.

அக்கா


மார்ச் 3

அக்கா,

இப்படி ஒரு கேள்வியை இங்கே யாரும் கேட்கவில்லை. நீயாவது கேட்டாயே என்றிருந்தது எனக்கு. ஆமாம், கோடு இருந்தது. புருவத்துக்குச் சற்று மேலே, மயிரிழை போல. அவர் தலையை ஆட்டிவிட்டார் என்று நினைத்தேன். வலியில் இருந்தார், பாவம். முந்தைய படத்தை மூடின கையோடு அவருடையதைத் திறந்துவிட்டேன். வராந்தாவில் அவ்வளவு கூட்டம்.

உனக்கு ஏதோ பொறிதட்டியிருக்கிறது, அதனால்தான் கேட்கிறாய், இல்லையா? இயந்திரத்தில் கோளாறு இருக்கலாமா? விசாரணை மார்ச் 26. "இப்படியும் நடக்க முடியும்" என்று உன்னைப் போல விஷயம் தெரிந்த ஒருவர் ஒரு வரி எழுதித் தந்தால் போதும். வேலை போனால் போகட்டும். ஒரு ஆளைக் கொன்றவள் என்ற பெயரோடு என்னால் இருக்க முடியாது. உன்னைத்தான் மலைபோல நம்பியிருக்கிறேன்.

உன் தங்கை


மார்ச் 14

என் கண்ணே,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே வேலை கழுத்தை நெரிக்கிறது. நீ எழுதியதை யோசித்துப் பார்த்தேன். நிச்சயமாக எதுவும் சொல்ல முடியவில்லை.

விசாரணையில் பணிவாகப் பேசு. இயந்திரம், மென்பொருள் என்று ஆரம்பித்தால் வீம்பு பிடிக்கிறாய் என்று நினைப்பார்கள். வேலைப் பளுவில் கவனம் தவறியிருக்கலாம் என்று சொன்னால் இரக்கப்படுவார்கள். கொஞ்ச நாள் இடைநீக்கத்தோடு போய்விடும். காலம் எல்லாவற்றையும் ஆற்றும். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

நீ சொன்னபடியே செய்தேன். "கவனம் தவறிவிட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரக்கப்பட்டார்கள்தான். விசாரணைக் குழுவில் இருந்த ஒரு அம்மாள் எனக்குத் தண்ணீர்கூடக் கொடுத்தார். பிறகு வேலையிலிருந்து நீக்கி, இனி எந்த ஆஸ்பத்திரியிலும் இந்த வேலை பார்க்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு அதில் வருத்தம் இல்லை. சொன்னால் சிரிப்பாய், கையெழுத்துப் போட்ட பிறகு அது நிஜமாகவே ஞாபகத்துக்கு வருகிறது. முந்தைய அம்மாளின் எண்ணை இந்த விரல்தான் தட்டியது என்று தெளிவாகத் தெரிகிறது. நடந்தேன், சாப்பிட்டேன் என்பது போல அதுவும் தெரிகிறது. ஆறு வருஷம் இந்த விஷயத்திலேயே ஊறினவள் நீ. உனக்கே இயந்திரத்தின் மேல் சந்தேகம் வரவில்லை என்றால் பிறகு வேறு யார் செய்திருக்க முடியும்? நான்தான்.

அந்த டிரைவர் வீடு எங்கே என்று விசாரித்து வைத்திருக்கிறேன். போய் அவர் மனைவி காலில் விழ வேண்டும். அதைச் செய்யாமல் எனக்குச் சோறு இறங்காது.

தங்கை


ஏப்ரல் 11

சுண்டெலி,

அந்த வீட்டுக்குப் போகாதே. இந்தக் கடிதம் கிடைக்கும்வரை போகாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். நீ செய்யவில்லை. நான் செய்தேன்.

உங்கள் அறையில் இருப்பது போன்ற கார்டை வரவழைத்து, நினைவகத்தைக் குறைத்து வைத்து, ஒரு படத்தை மூடினதும் இன்னொன்றைத் திறக்கும்படி நாலாயிரம் தடவை ஓடவிட்டேன். மூன்று தடவை நடந்தது. நெருக்கடியில் ஒரு பக்கத்தைக் கொண்டுவர இரண்டு நொடிக்கு மேல் ஆகிறது. கெடு முடிந்துவிடுகிறது. எண் அடுத்த ப்ரோகிராமுக்குப் போய்விடுகிறது. அதன் பிறகு பழைய விண்ணப்பத்துக்குப் பதில் போகிறது, ஆனால் அந்த எண்ணில் இப்போது இருப்பது புது ஆளின் பக்கம். கார்டுக்கு அது தெரியாது. முந்தைய அம்மாளின் படத்தைக் கொண்டுபோய் டிரைவரின் பக்கத்தில் எழுதிவிட்டது. கோடு விழுந்த இடம் அதுதான்.

இதையெல்லாம் நான் கண்டுபிடித்தது மார்ச் 12. உனக்கு அந்தப் பாழாய்ப்போன கடிதத்தை எழுதியது மார்ச் 14. தெரிந்தேதான் எழுதினேன். கெர்னலில் அந்தக் கெடு வைத்த வரிக்குக் கீழே என் பெயர் இருக்கிறது. அதை உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். கெடுவை எடுத்துவிட்டுத் திருத்தம் போட்டேன். "மூடும்போது காத்திருக்கும் முறை சீராக்கப்பட்டது" என்று மட்டும் குறிப்பு எழுதினேன். கண்ணாடிக்காரர் அதைப் படித்துவிட்டு என்னையே பார்த்தார். "எங்கேயாவது ஏதாவது ஆச்சாம்மா?" என்று கேட்டார். "இல்லை சார், சும்மாதான்" என்றேன்.

பயம்தான், வேறு காரணம் எதுவும் இல்லை. நீ கொஞ்ச நாள் அழுவாய், பிறகு சரியாகிவிடும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். விரல் தட்டியது ஞாபகம் வருகிறது என்று நீ எழுதியதைப் படித்த பிறகு அந்தச் சமாதானம் செல்லுபடியாகவில்லை. சோதனை முடிவுகள் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். விசாரணை செய்தவர்களிடம் கொடு. என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. ஆனால் பதில் எழுது.

அக்கா


ஏப்ரல் 27

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நான் அந்த வீட்டுக்கு அதற்கு முன், திங்கட்கிழமையே போய்விட்டேன்.

டிரைவரின் மனைவி வீட்டிலேயே தைத்துக் கொடுப்பவர். ஜன்னலோரம் தையல் மெஷின், அதில் பாதி தைத்த ஒரு சட்டை. "நான்தான் படத்தை மாத்தி வெச்சேன், என்னாலதான் அவர் போயிட்டார்" என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். நியாயமாக அடிக்க வேண்டும். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். "அந்த மூணு நாளும் தலை வலிக்குது, தலை வலிக்குதுன்னார். ஆஸ்பத்திரியிலயே ஒண்ணுமில்லைன்னுட்டாங்க, சும்மா சிணுங்காதீங்கன்னு நான்தான் அதட்டினேன். இத்தனை நாளா நானே கொன்னுட்டேன்னு நெனச்சிட்டிருந்தேன். நீயாவது வந்து சொன்னியே, நல்லா இரும்மா" என்றார். என்னை நல்லா இரு என்று சொன்னார், அக்கா.

சோதனை முடிவுகளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரிய டாக்டர் முதல் பக்கத்தைப் பார்த்தார். "எழுதினது யாரு, உங்க அக்காவா?" என்று கேட்டார். பிறகு விசாரணையில் நான் எழுதிக் கொடுத்ததை எடுத்து மேஜையில் வைத்து, "இது உங்க கையெழுத்துதானே?" என்றார். ஆமாம் என்றேன். கோப்பு மூடியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நீ தப்பு செய்ததற்காக எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கெடுவை வைத்தபோது உனக்கு என்ன தெரியும்? நானும்தான் அன்றைக்குக் கொண்டாடினேன். ஆனால் மார்ச் 14 அன்று நீ பேனாவை எடுத்து, "என் கண்ணே" என்று எழுதி, அதற்குக் கீழே அந்த வார்த்தைகளை எழுதியிருக்கிறாய். அதை நான் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்தேன். விசாரணை அறைக்கு வெளியே உட்கார்ந்து உன் வார்த்தைகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன், தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று. அதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இன்னும் என் விரல்தான் தட்டியது என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. நீ சொல்லியும் போகவில்லை. அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. "பெரியவ கடிதாசி போட்டாளா?" என்று கேட்டால் இல்லை என்று சொல்கிறேன்.

எனக்கு இனி எழுதாதே. வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

நேற்று மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன், உன் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு. வெளியே எடுக்க முடியவில்லை. அவர் என்னை மன்னித்து ஒருவாறு தேறி, அந்தச் சட்டையைத் தைத்து முடித்திருந்தார். எந்த வாயால் போய் அது நான் இல்லை என்று சொல்வேன்? அது உன் வாயால் சொல்ல வேண்டியது. "எனக்கு ஒரு அக்கா இருக்கா, வெளிநாட்டுல. அவ வந்து உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்று மட்டும் சொன்னேன்.

"எப்ப வருவாங்க?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.