மேலவைக்கு யார்?

ஜூன் 17, செவ்வாய்

மழை பிடித்துக்கொண்டது. புனே வானவடி சிக்னலில் ஸ்கூட்டி நின்றுவிட்டது. நனைந்த துப்பட்டாவோடு ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் அங்கே திருவிழா! எங்கள் ஆசிரியர் தொகுதியின் மேலவை உறுப்பினர் ராஜினாமா செய்துவிட்டாராம். இடம் காலி. இடைத்தேர்தல் வரும். காங்கிரஸ் யாரை நிறுத்தும்? மணி அடித்தும் ஒருவரும் வகுப்புக்கு எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பாளையங்கோட்டைக்குப் போன் போட்டுத் தம்பியிடம் சொன்னேன். "அது என்னக்கா மேலவை? நம்ம ஊர்லதான் அது கிடையாதே" என்றான். இங்கே உண்டு, அதில் ஆசிரியர்களுக்கென்று தனி இடமே உண்டு, புனேயிலிருந்து கோலாப்பூர் வரை ஐந்து மாவட்டத்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒருவரை அனுப்புவோம் என்று விளக்கினேன். "ஒனக்கு ஓட்டு இருக்கா?" "இருக்குல்லா!" என்றேன். என் குரலில் எவ்வளவு பெருமை!

ஜூன் 19, வியாழன்

மராத்திப் பேப்பரில் இரண்டு பெயர் வந்திருக்கிறது. ஒன்று, எங்கள் சங்கத் தலைவர் இங்கவலே சர். ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகிறது, மைக்கை விட மனசில்லை. இன்னொன்று கோலப். ஊரெல்லாம் கோச்சிங் கிளாஸ், ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலும் அவர் முகம்.

நான் இங்கவலே பக்கம் பந்தயம் கட்டினேன். சுனந்தா சிரிக்கவில்லை. பதினோராம் வகுப்புக்கு மராத்தி எடுப்பவள், என் பக்கத்து நாற்காலிக்காரி, பல வருஷத் தோழி. அவள் மராத்தியில் பேசுவதை இங்கே தமிழில்தான் எழுதவேண்டியிருக்கிறது. "யாரு வந்தா என்ன? ரெண்டு பேருமே என் அக்கா விஷயத்தைக் கேக்கமாட்டாங்க" என்றாள்.

அவளுடைய அக்கா சாங்கிலிப் பக்கம் ஒரு கிராமப் பள்ளியில் ஆசிரியை. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று அந்தப் பள்ளியை இன்னொன்றோடு இணைத்து, அக்காவை 'உபரி' என்று எங்கோ ஒரு தாலுகாவுக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். படுத்த படுக்கையாக மாமியார், இரண்டு பஸ் மாறி வேலை.

உபரி. மிச்சம் விழுந்த சோற்றைச் சொல்வதுபோல. எங்கள் காமர்ஸ் பிரிவிலும் ஒவ்வொரு வருஷமும் கூட்டம் குறைகிறது. நாளைக்கு நான்?

ஜூன் 24, செவ்வாய்

இன்றும் பெயர் அறிவிக்கவில்லை. எனக்கு ஏன் இந்தப் பரபரப்பு? பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட இப்படிக் காத்திருந்ததில்லை.

ஜூலை 1, செவ்வாய்

என்ன காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன்!

மும்பையிலிருந்து காங்கிரஸ் மேலிடப் பார்வையாளர் வந்து ஆசிரியர்களிடம் கருத்துக் கேட்கிறார் என்றார்கள். வம்பு கேட்கத்தான் போனேன், சத்தியமாக. மேடை முழுக்க ஆண்கள். இங்கவலே சர் ஆள் ஒருவர், கோலப் ஆள் ஒருவர் என்று மாறி மாறிப் பேசினார்கள். ஹாலில் பாதிக்கு மேல் பெண்கள். ஒருத்தியிடமும் மைக் வரவில்லை. பார்வையாளர் ஃபைலை மூடப் போனார். நான் எழுந்துவிட்டேன்!

என் மராத்தியில் ஆண்பால் பெண்பால் எல்லாம் கவிழ்ந்து போகும். கவிழட்டும் என்று பேசினேன். "எங்க ஸ்டாஃப் ரூம்ல முக்கால்வாசி பொம்பளைங்க. உபரின்னு தூக்கி எறியறதும் எங்களைத்தான். வேட்பாளர் யாருன்னு பேச வந்த இடத்துல ஒரு பொம்பளை பேரைக்கூட யாரும் சொல்லலையே, ஏன்?" அவ்வளவுதான் சொன்னேன். பின்வரிசையில் கைதட்டல் ஆரம்பித்து முன்னால் வந்தது. இங்கவலே சர் திரும்பி, யார் இது என்பதுபோலப் பார்த்தார். எத்தனை சந்தா கட்டியிருக்கிறேன் அவருக்கு!

ஜூலை 3, வியாழன்

பேப்பரில் என் பெயர்!! "சந்திரிகா மேடம் பெயரும் அடிபடுகிறது." அடிபடுகிறதாம்! என் பேச்சை யாரோ வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டிருக்கிறார்கள். கோலாப்பூரிலிருந்தெல்லாம் முன்பின் தெரியாத ஆசிரியைகள் செய்தி அனுப்புகிறார்கள்.

மகள் வைஷு கல்லூரியிலிருந்து வந்ததும் கட்டிக்கொண்டாள். "அம்மா, நீ ஃபேமஸ் ஆயிட்டே. என் காலேஜ் குரூப்லகூட வந்துச்சு. ஆனா உன் மராத்தி... பாப் ரே!" பெண்ணுக்குத் தமிழ் பேசத்தான் வரும், அதுவும் பாதிப் பாதி. படிக்க வராது. அதனால்தான் இந்த டைரியில் இவ்வளவு தைரியமாக எழுதுகிறேன்: எனக்கு அந்த இடம் வேண்டும். ஆமாம், வேண்டும்.

ஜூலை 4, வெள்ளி

பார்வையாளர் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். வீட்டில் இவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"நெசமாவே நிக்கப் போறியா?"

"கேட்டா நிப்பேன்."

"நான் டிபன்ஸ் அக்கவுண்ட்ஸ்ல, சென்ட்ரல் கவர்மெண்ட்ல இருக்கேன். ஒனக்காக ஒரு நோட்டீஸ்கூடக் குடுக்க முடியாது, தெரியும்லா?"

"தெரியும்."

மடித்த பேப்பரை மறுபடி எடுத்துக்கொண்டு, "சமைக்கக்கூடாதுன்னு ரூல் எதுவும் இல்ல" என்றார். இதற்கே இவருக்கு ஒரு ஓட்டுப் போடலாம்.

ஜூலை 7, திங்கள்

நீலக் கைத்தறிப் புடவை. கட்சி அலுவலகத்தில் தேநீர் கொடுத்தார்கள். பார்வையாளர் நிதானமான மனுஷர். இந்தியில் பேசினார். நான் எங்கே பிறந்தேன், எங்கே படித்தேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குத்தான் பதில் தயாரித்துப் போயிருந்தேன். கேட்டது வேறு.

"சோலாப்பூர்ல, சாதாரால, கிராமத்துப் பள்ளியில உங்க பேரைச் சொன்னா யாருக்குத் தெரியும்?"

யாருக்குத் தெரியும்? வாட்ஸ்அப்பில் ஒரு வாரம் தெரியும். ஓட்டுச் சாவடிக்கு அது போதாது. எனக்கே தெரிந்தது.

"அங்கெல்லாம் தெரிஞ்ச ஆசிரியை வேற யாராவது இருக்காங்களா?"

சொல்லாமல் வந்திருக்கலாம். யாரும் இல்லை என்றிருந்தால் என் பெயராவது மிஞ்சியிருக்கும். ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தானே? தீபாவளி விடுமுறையில் நாங்கள் எல்லோரும் ஊருக்குக் கிளம்பும்போது, சிவப்பு பஸ் பிடித்துத் தாலுகா தாலுகாவாகப் போய், ஆசிரியைகளை வாக்காளர் பட்டியலில் சேர்க்கவைத்தவள் யார்? எதற்கு இந்த வெட்டி வேலை என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன்.

"சுனந்தா கடம்" என்றேன். பார்வையாளர் இரண்டாம் முறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் அழுகை. ஹெல்மெட்டுக்குள் அழுவதில் ஒரு சௌகரியம், யாருக்கும் தெரியாது. பெருந்தன்மையா இது? இல்லை. வயிறு எரிகிறது. ஆனாலும் பொய் சொல்ல வாய் வரவில்லையே, என்ன செய்ய?

ஜூலை 8, செவ்வாய்

சுனந்தாவுக்கு நேற்றே போன் போயிருக்கிறது. என்னைப் பையை வைக்கக்கூட விடவில்லை அவள்.

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? என்னைக் கேக்காம என் பேரைச் சொல்ல நீ யாரு?"

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பே."

"ஆமா, சொல்லியிருப்பேன்! ரெண்டு பேர் சேர்ந்து பார்த்தா எனக்குத் தொண்டை அடைக்கும்னு உனக்குத் தெரியாதா?"

நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நானும் முறுக்கிக்கொண்டு இருந்தேன். விட்டுக்கொடுத்தவள் நான், திட்டு வாங்குகிறவளும் நானா?

ஜூலை 10, வியாழன்

மதியம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவளே வந்தாள். அக்காவிடம் பேசினாளாம். அக்கா அழுதாளாம். "நிக்கறேன்னு சொல்லிட்டேன். ஆனா மேடையில முதல்ல நீ பேசணும். நீ கத்தி முடிச்சப்புறம் நான் ரெண்டு வார்த்தை சொல்றேன்" என்றாள். அவளுடைய தேச்சாவை, அந்த மிளகாய்த் துவையலை, தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன். கண்ணில் நீர் வந்தது. மிளகாய்க் காரம் என்று சொல்லிவைத்தேன்.

ஜூலை 12, சனி

அறிவித்துவிட்டார்கள்! சுனந்தா! அறையே எழுந்து கத்தியதில் பிரின்ஸிபால் ஓடி வந்தார், ஏதோ விபத்து என்று. சுனந்தா என் கையைப் பிடித்தவள் விடவில்லை.

வயிற்றெரிச்சலா? இருக்கிறது. ஆனால் இன்று சந்தோஷம்தான் பெரிசு.

ஜூலை 16, புதன்

மனுத் தாக்கல். முன்மொழிபவர்களில் நானும் ஒருத்தி. கோலப் சுயேச்சையாக நிற்கிறார். இங்கவலே சர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் வந்தார். கடைசியில் சுனந்தாவுக்கு மாலை போட்டுவிட்டு என்னிடம், "அன்னிக்கு நீங்க என்னையும் சேர்த்துத்தானே திட்டினீங்க?" என்றார். "ஆமா சர்" என்றேன். சிரித்துவிட்டார்.

ஜூலை 27, ஞாயிறு

பிரசாரம். சாதாரா, கராட், சாங்கிலி. தொண்டை போய்விட்டது. சுனந்தா பேசுவதே இல்லை. ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், அவ்வளவுதான். அதற்கே கூட்டம் சேர்கிறது. வீட்டுக்கு வந்தால் இவர் வைத்த ரசம். உப்பு இல்லை. அமிர்தம்.

ஆகஸ்ட் 6, புதன்

நேற்றுக் காலை தொடங்கிய வாக்கு எண்ணிக்கை இன்று மதியம்தான் முடிந்தது. இந்தத் தேர்தலில் முத்திரை குத்துவதில்லை. வேட்பாளர்களுக்கு நேரே 1, 2, 3 என்று நம் விருப்பத்தை எழுதவேண்டும். முதல் எண்ணிக்கையில் கோலப்தான் முன்னால். ஆனால் தேவையான அளவு அவருக்கும் கிடைக்கவில்லை. பின்தங்கியவர்களை ஒவ்வொருவராக நீக்கி, அந்தச் சீட்டுகளில் இருந்த இரண்டாம் விருப்பத்தைப் பிரித்துச் சேர்த்தார்கள். யார் யாருக்கோ 1 போட்ட ஆசிரியைகள் எல்லாம் 2 என்று எழுதியிருந்தது சுனந்தாவுக்கு! கட்டு கட்டாக அவள் மேஜைக்குப் போயின. கோலப்பின் ஏஜெண்ட் பேனாவை மூடி வைத்தார். சுனந்தா ஜெயித்துவிட்டாள்!

வெளியே வந்து சுனந்தாவைத் தேடினால், மரத்தடியில் நின்று அக்காவுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் கையசைத்துக் கூப்பிட்டாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

நாக்பூர் ரயில். எங்கள் பெட்டி முழுக்க ஆசிரியைகள். சட்டமன்றத்தின் குளிர்காலக் கூட்டத்தொடர் அங்கேதான். அதற்கு எதிரே நாளை எங்கள் மோர்ச்சா, கண்டன ஊர்வலம். உபரி உத்தரவை ரத்து செய்யும்வரை கலைய மாட்டோம். சங்கத்தின் மகளிர் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு என்று இங்கவலே சர் அக்டோபரிலேயே தலையில் கட்டிவிட்டார். அந்தப் பதவிக்கு என் பெயர் எந்தப் பேப்பரிலும் அடிபடவில்லை.

தவுண்ட் ஸ்டேஷன் தாண்டும்போது சுனந்தா போன் செய்தாள். சபையில் நாளைக்கு இதே கேள்வியை எழுப்ப நேரம் கொடுத்திருக்கிறார்களாம். "நான் வெளியே வந்து மனுவை வாங்கிக்கறேன். அதுக்கு முன்னாடி நல்லா சத்தம் போடுங்க. உறுப்பினர்கள் தூங்கறாங்கன்னு என்னையும் சேர்த்தே திட்டு. உள்ளே எனக்குக் கேக்கணும்."

"கேக்கும்" என்றேன்.

இவர் புனே ஸ்டேஷனில் ஜன்னல் வழியாக ஒரு பொட்டலம் கொடுத்திருந்தார். பிரித்துப் பார்த்தேன். தொண்டைக்குக் கற்கண்டு, பெட்டி முழுவதற்கும் காணும்.