பிரேக் ஆயில் டப்பாவில் ஒரு பொட்டு

டீச்சர்,

நேற்றுக் காலை வண்டியைக் கிளப்பியதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு விளக்குகள் சேர்ந்தாற்போல எரிந்தன. ஒன்று நமக்கு நன்றாகத் தெரிந்த சிவப்பு விளக்கு, பிரேக்குக்கு உரியது. இன்னொன்று மஞ்சள். ஒரு கார் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி படம் போட்டிருக்கும். வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாட்டில் ஏதோ கோளாறு என்று அதற்கு அர்த்தமாம். நம் பழைய வெள்ளைக் காரில் இந்த ஆடம்பரமெல்லாம் கிடையாது. அணைத்துவிட்டு மறுபடி கிளப்பினேன், கைபிரேக்கை இழுத்து விட்டுப் பார்த்தேன், இரண்டும் போகவில்லை. மெதுவாக ஓட்டிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

பயமாக இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. நீங்கள் போனதிலிருந்து எனக்குப் பயமும் இல்லை, பசியும் இல்லை, அழுகையும் இல்லை. உங்கள் பதினாறாம் நாள் கழிந்தும் சில வாரங்கள் ஆகிவிட்டன. சாப்பிடுகிறேன், செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறேன், டிவி பார்க்கிறேன். பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னம் இருக்குமே, தொட்டால் வேறு யாருடையதோ மாதிரி, அப்படி இருக்கிறது. மகள் போன் செய்து, "அம்மா, வாய்விட்டு அழுதுருங்க" என்கிறாள். அழுகை என்ன குழாயா, திருகிவிட?

கண்ணாடி அறையில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். வெளியே என் வண்டியின் பானெட்டைத் திறந்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குப் பேட்டை மெக்கானிக் பாயின் பட்டறையும் அந்த வெள்ளிக்கிழமையும் ஞாபகம் வந்தன. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

தொண்ணூறுகளின் நடுவில், அந்த வெள்ளைக் காரை உங்கள் வீட்டுக்காரர் யாரிடமிருந்தோ வாங்கி வந்தார். ஆசை தீர ஒரு வருஷம்கூட ஓட்டவில்லை, நெஞ்சுவலி வந்து போய்விட்டார். கார் துணியைப் போர்த்திக்கொண்டு ஷெட்டில் கிடந்தது. பக்கத்துத் தெருவில் இருக்கும் உங்கள் கொழுந்தனார் எடுத்துக்கொள்வார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நீங்களோ யாரிடமும் கேட்காமல் போய் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டீர்கள். பாளையங்கோட்டை முழுக்க அதுதான் பேச்சு. அதுவரை நாம் இரண்டு பேரும் கங்கைகொண்டான் தாண்டி நம் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனோம். அப்புறம் காரில் போனோம். நீங்கள் கணக்கு டீச்சர். கியர் மாற்றும்போதெல்லாம் உதட்டுக்குள் ஏதோ எண்ணுவீர்கள். நான் தமிழ் டீச்சர், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிடுவேன்.

முதல் தடவை அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது ஆற்றுப் பாலத்தின் மேல். நான் போட்ட கூச்சலில் பக்கத்தில் போன சைக்கிள்காரர் கீழே விழப் பார்த்தார். நீங்கள் பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டு, "பிரேக்கு பிடிக்குது டீச்சர். வெளக்குதான் கோட்டி பிடிச்சு எரியுது" என்றீர்கள். சாயங்காலம் திரும்பும்போது எரியவில்லை. அடுத்த வாரம் மறுபடி எரிந்தது, மறுபடி தானாக அணைந்தது.

சனிக்கிழமை லீவில் மெக்கானிக்கிடம் கொண்டுபோவோம். அங்கே போனால் நல்ல பிள்ளை மாதிரி அணைந்திருக்கும். ஒருவர் பிரேக் ஆயில் ஊற்றினார். ஒருவர் கைபிரேக்குக்கு அடியில் இருந்த சுவிட்சை மாற்றினார். இன்னொருவர் சக்கரங்களைக் கழற்றி எல்லாவற்றையும் புதிதாகப் போட்டார். யார் என்ன செய்தாலும் அடுத்த வாரம் விளக்கு வந்து நிற்கும். பள்ளிக்கூட வாசலில் ஒரு வேன் டிரைவர், "கருப்பு டேப்ப மேல ஒட்டிருங்க டீச்சர், தீந்துச்சு சோலி" என்று யோசனை சொன்னார். "எரியுறத மறைச்சுட்டா எரியலேன்னு ஆயிருமா?" என்று கணக்கு வகுப்பில் கேட்பதுபோல அவரைக் கேட்டீர்கள்.

ஒருநாள் காலையில் உங்கள் கொழுந்தனார் அந்த விளக்கைப் பார்த்துவிட்டார். கெட்டவர் இல்லை அவர், அண்ணன் போன பயத்தில் இருந்தார். "பிரேக்கு வெளக்கு எரியுற வண்டிய ஓட்டிக்கிட்டுத் திரியுதீங்களே மைனி. இந்த வீட்டுல இன்னொரு சாவு தாங்காது. வார வெள்ளிக்கிழம பேட்டையில பாய்ட்ட காட்டுவோம். அவரு கையிலயும் அது அணையலேன்னா வண்டிய வெலைக்குக் குடுத்துருவோம். அம்மையும் அதத்தான் சொல்லுதா" என்றார். உங்கள் மாமியார் ஒன்று சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது.

அன்று ஸ்டாஃப் ரூமில் விடைத்தாளைத் திருத்திக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னீர்கள்: "வீட்டுல இருந்து ஸ்கூலுக்குப் போற அந்த நேரம்தான் டீச்சர் நான் யாருக்கும் பதில் சொல்லாம இருக்கேன். அதுவும் போச்சுன்னா நான் என்ன செய்வேன்?" உங்கள் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்து நான் கேட்டதே இல்லை.

வெள்ளிக்கிழமை இருவரும் அரைநாள் லீவு போட்டோம். பாய் மதியத் தொழுகைக்குப் போய்விடுவார், வெரசா வாங்க என்று கொழுந்தனார் ஸ்கூட்டரில் முன்னால் போனார். பின்னால் நாம். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாலத்தில் ஏறும்போது உங்கள் முகம் மாறியது. கணக்கு ஒன்று பிடிபடும்போது உங்கள் முகம் அப்படி ஆகும்.

"டீச்சர், இது வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழமதான் எரியுது."

"ஆமா. அதுக்கென்ன?"

"வெள்ளிக்கிழமதான் நான் வைக்கேன்."

"என்னத்த வைக்கீங்க?"

"பொட்டு."

எனக்குப் புரியவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே சொன்னீர்கள். கார் வாங்கிய புதிதில் உங்கள் வீட்டுக்காரர் பானெட்டைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினாராம். பிரேக் ஆயில் டப்பாவைத் தட்டி, "இந்த வண்டிக்கு உயிரே இதுலதான் இருக்கு" என்றாராம். அவர் இருந்தவரை வெள்ளிக்கிழமைதோறும் காரைக் கழுவி, சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்தது நீங்கள்தான். அவர் போனபிறகு அந்த வீட்டில் உங்கள் கை குங்குமச் சிமிழைத் தொடக்கூடாது என்று ஆகிவிட்டது. அதனால் விடியற்காலையில் ஆயில் பார்க்கிற சாக்கில் பானெட்டைத் திறந்து, அந்த டப்பாவின் மூடியில், யார் கண்ணிலும் படாமல் வைத்து வந்தீர்கள். குங்குமம்? நான் கோயிலிலிருந்து பொட்டலம் கட்டி உங்களுக்குக் கொடுத்ததுதான். சாமி அறைக்கு என்று வாங்கிக்கொள்வீர்கள்.

"எனக்குத்தானே எல்லாம் போச்சு. வண்டிக்கு என்ன ஆச்சு டீச்சர்? அது எதுக்கு வெறும் நெத்தியா நிக்கணும்?" என்றீர்கள்.

"வண்டிய ஓரமா நிறுத்துங்க, தொடச்சிருவோம்" என்றேன். எங்கே நிறுத்துவது? கொழுந்தனார் ஒவ்வொரு முக்கிலும் ஸ்கூட்டரை நிறுத்தி, நாம் வருகிறோமா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் போனால்கூடப் போகட்டும், இது மட்டும் உங்கள் மாமியார் காதுக்குப் போய்விடக் கூடாது என்று இருந்தது எனக்கு. பேட்டை வந்துவிட்டது.

பாய் பானெட்டைத் தூக்கினார். மூடியின்மேல் ஈரம் காயாத சந்தனம், நடுவில் சிவப்பாகக் குங்குமம். அதற்கு அடியில் பழைய சந்தனம் பொருக்குப் பொருக்காக. முன்பு பார்த்த மெக்கானிக்குகளும் அதைப் பார்த்திருப்பார்கள். இந்த ஊரில் சந்தனம் இல்லாத மோட்டார் எது, அவர்கள் என்னத்தைக் கண்டார்கள்? பாய் நகத்தால் சுரண்டினார். ஆயில் குறைந்தால் விளக்கை எரியவைப்பதற்காக மூடியில் வந்து சேரும் இரண்டு ஒயர்களிலும் மேல்தோல் போய்க் கம்பி தெரிந்தது.

"இதான் அண்ணாச்சி சங்கதி. ஈரச் சந்தனத்த வச்சு அமுக்கவும் ரெண்டு கம்பியும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடுது, வெளக்கு எரியுது. சூட்டுல காஞ்சு வெடிச்சதும் விட்டுருது. பிரேக்குல ஒரு குத்தமும் இல்ல."

"அது சரி, இதுல யாரு பொட்டு வச்சது?" என்றார் கொழுந்தனார்.

உங்கள் மோதிர விரல் நுனியில் சிவப்பு ஒட்டியிருந்தது. அதை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டீர்கள். நான் பார்த்தேன். பாயும் பார்த்தார்.

"நான்தான் வச்சேன்" என்றேன்.

"நீங்களா டீச்சர்?"

"காலையில வண்டியில ஏறுமுன்ன வைப்பேன். அடுத்தவுக வண்டி பாருங்க, வெளிய வச்சா நல்லா இருக்காதுன்னு உள்ள வச்சேன்."

என் கழுத்தில் தாலி இருந்தது, நெற்றியில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம் இருந்தது. அவர் நம்பினார். "படிச்சவுக போயி டப்பாலயா பொட்டு வைப்பாக!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, "பிரேக்கு நல்லாத்தானே இருக்கு. அப்ப ஓட்டுங்க மைனி. அம்மைட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பாய் ஒயருக்கு டேப் சுற்றி, மூடியைத் துடைத்தார். நம் இருவரையும் பார்க்காமல் டப்பாவைப் பார்த்தே பேசினார். "வைக்க வேண்டாம்னு சொல்லல. மூடியில மட்டும் வேண்டாம். இங்கன, டப்பா வயித்துல வைங்க. இங்கன ஒயரு ஒண்ணும் வராது." கையைத் துடைத்துக்கொண்டு தொழுகைக்குக் கிளம்பிவிட்டார்.

திரும்பி வரும்போது விளக்கு எரியவில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்ததும், "படிச்சவுக போயி டப்பாலயா" என்று கொழுந்தனார் குரலில் ஆரம்பித்தீர்கள். ஓரங்கட்டி நிறுத்தவேண்டிய அளவுக்கு இரண்டு பேரும் சிரித்தோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வெள்ளிக்கும் குங்குமம் வேணும் டீச்சர்" என்றீர்கள்.

அந்தக் கார் போய் வேறு கார்கள் வந்தன. உங்கள் மாமியார் போனார், கொழுந்தனாரும் போனார். காலம் மாறி, யாரும் யார் நெற்றியையும் கேட்காத நாள் வந்தபிறகும் நீங்கள் பானெட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தீர்கள். பழகிப்போச்சு டீச்சர் என்பீர்கள். என் வீட்டுக்காரர் போனபிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை என் வீட்டுக்கு வந்தீர்கள். என்னைக் கையைப் பிடித்து ஷெட்டுக்குக் கூட்டிப்போய், என் வண்டியின் பானெட்டைத் திறந்து, குழைத்த சந்தனக் கிண்ணத்தை நீட்டி, "இங்கன" என்று இடத்தைக் காட்டினீர்கள். நான் வைத்தேன். அன்றிலிருந்து ஒரு வெள்ளியும் விட்டதில்லை.

போன மாதம் உங்களைக் கிடத்தியிருந்தபோது உங்கள் நெற்றியில் விபூதி மட்டும் இருந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு எதுவும் தோன்றவில்லை.

நேற்று சங்கதி பெரிதாக ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சென்சாரில் சேறு அப்பியிருந்ததாம். துடைத்ததும் இரண்டு விளக்குகளும் போய்விட்டன. சாவியைக் கொடுக்கவந்த மெக்கானிக் கொஞ்சம் தயங்கினார்.

"மேடம், பிரேக் ஆயில் டப்பாவுல யாரோ சந்தனம் வச்சிருக்காங்க. தொடச்சிரட்டுமா?"

"நான்தான் வச்சேன்" என்றேன்.

சொன்ன பிறகு பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன் டீச்சர். முந்தானைக்குள் விரலை மறைத்துக்கொண்டு நீங்கள் நிற்பீர்கள் என்று எப்படி நினைத்தேனோ தெரியவில்லை. அங்கே யாரும் இல்லை. அப்புறம் அந்தப் பிள்ளைகள் ஓடிவந்து என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். சரியாகிவிட்டதே மேடம், ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இன்று வெள்ளிக்கிழமை. சந்தனம் குழைத்து வைத்திருக்கிறேன். இதை முடித்துவிட்டுக் கீழே இறங்கிப் போக வேண்டும்.