மேசையில் உப்பு கேட்காதவள்

அன்புள்ள தங்கைக்கு,

நீயும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு ரத்த அழுத்தம் சற்று ஏறியிருக்கிறது; பயப்படாதே.

“மேசையில உப்பு கேக்கறது மரியாதையில்லைன்னு கான்வென்ட்ல வளர்ந்தவ நான்” என்று டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன்.

“ஊறுகாய்?”

“அது இல்லாம சோறு எப்படி எறங்கும்?”

“அதுல இருக்கறதே உப்புதானேம்மா! இதயம் எப்படித் தாங்கும்?”

உன் அத்தான் உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

அழுத்தம் குறையாவிட்டால் உடல்தகுதிச் சான்று கிடைக்காமல் விடுதி வார்டன் வேலை போய்விடும். அதனால் நீ அனுப்பிய ஊறுகாயை ஜாடியோடு விடுதிப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டேன். இனி அனுப்பாதே.

உன்னிடம் காலி ஜாடி இருந்தால் மட்டும் அனுப்பு; கழுவிவிடாதே. சாப்பிடும்போது பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வேன். வாசனையில் உப்பு கிடையாதாம், டாக்டரிடமே கேட்டுவிட்டேன்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. சீக்கிரம் அனுப்பு.

உன் அக்கா