துலுக்காணத்தோட இன்ஜின் ஓடிச்சு

புத்தூர்
கார்த்திகை, 1960

அன்புள்ள மகன் நாகேந்திரனுக்கு அம்மா எழுதறது. நானும் உங்க நைனாவும் வேளைக்கு எழுந்து வேலையப் பாத்துக்கினு இருக்கிறோம், அத்த சொகம்னு வெச்சுக்கோ. நீ ஒழுங்கா துன்றியா, அந்தக் கரக்பூர் குளுருக்குக் கம்பளி வாங்கினியா, அத்த மொதல்ல எழுது. இங்க மழ நல்லாப் பேஞ்சுது, கடலக்கா பரவால்ல. திருத்தணி மெட்ராசோட போயிடுச்சு, நம்ம ஊரு ஆந்திராவுலயே நின்னுடுச்சு, உங்க அத்த வூடு அந்தப் பக்கம் நம்ம வூடு இந்தப் பக்கம், பஸ்ஸு மட்டும் அதே ஓட்ட பஸ்ஸு.

உன் காயிதம் வந்துச்சு. மார்கழில தம்பி துலுக்காணத்துக்கு வருஷப் படையல், அதுக்கும் வரமாட்டேன்னு எழுதியிருக்கிற. நீ ஒயருல பத்த வெச்ச ஈயம் உட்டுப் போயித்தான் அவன் பொம்ம ரயிலு இன்ஜின் நின்னுச்சாம், பொங்கலுக்கு வந்து சரி பண்றேன்னு சொன்னியாம், அதுக்குள்ள அவன் கேட்டுக்கினே போயிட்டானாம், எந்த மூஞ்சிய வெச்சுக்கினு வூட்டுக்குள்ள வர்றதுன்னு கேட்டிருக்கிற. படிச்சிட்டு எனுக்கு வந்த கோவத்துக்கு நீ கிட்ட இருந்திருந்தா அறஞ்சிருப்பேன். உக்காந்து அழுதேன், அப்புறம் பரண்மேல இருந்த அந்த ரயிலுப் பொட்டிய எறக்கினேன். நான் பாதியில பள்ளிக்கூடத்த உட்டு ஓடியாந்தவதான், ஆனா நீ தம்பிக்குச் சொல்லிக் குடுத்தப்ப சோறு வடிச்சுக்கினே காதுல வாங்கியிருக்கிறேன். ஷார்ட்டு பாக்கணும்னா நேரா பேட்டரியில குடுக்காத, நடுவுல ஒரு பல்பு போடு, அது பளீர்னு எரிஞ்சா கரண்டு மோட்டாருக்குப் போகாம குறுக்கால ஓடுதுன்னு அர்த்தம்னு சொன்ன இல்ல? லாரி ஷெட்டுல பேட்டரியும் பின்னாடி லைட்டு பல்பும் கேட்டு வாங்கியாந்து கூடத்துல தண்டவாளத்த மாட்டினேன். பக்கத்து வூட்டு சந்திரம்மா எட்டிப் பாத்துட்டு, ஏன்டி அம்சவேணி, எலும்பு முறிஞ்சா கட்டுப் போடற வூட்டுக்கு எடுத்துக்கினு போ, முட்டையத் தடவி மூங்கிப் பத்த வெச்சு அனுப்புவாங்கன்னா. போடி வேலயப் பாத்துக்கினுன்னேன்.

இன்ஜின தண்டவாளத்துல வெச்சா பல்பு பளீர்னு எரியுது, சக்கரம் அசையல. இன்ஜின தூக்கினா பல்பு அணஞ்சுடுது. அப்ப கோளாறு தண்டவாளத்துல இல்ல, இன்ஜினுக்குள்ளதான். மேல் மூடியக் கழட்டி, மோட்டாருக்குப் போற ரெண்டு ஒயரையும் எடுத்துட்டு வெச்சேன். அப்பவும் பல்பு அப்படியே எரியுது. நல்லா படி நாகேந்திரா, மோட்டாரையே பிரிச்சு உட்ட அப்புறமும் எரியுது. நீ வெச்ச ஈயம் கல்லு மாதிரி இருந்துச்சு, நகத்தால நோண்டியும் வரல. தலகீழாப் புடிச்சு வெயில்ல பாத்தேன். சக்கரத்துக்கும் நடு இரும்புக்கும் சந்துல பச்சயா என்னவோ மினுக்குச்சு. கொண்ட ஊசியால இஸ்து வெளிய எடுத்தேன். ஜிகினா.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு நைனா தம்பிய ரேணிகுண்டா ரயிலு ஷெட்டுக்கு இட்டுக்கினு போனாரு. அங்க பெரிய இன்ஜினுக்கெல்லாம் வாழ மரம் கட்டி ஜிகினா ஒட்டி சந்தனம் வெச்சிருந்தாங்கன்னு வந்து குதிச்சான். நமக்குத் தெரியாம இவனும் இவன் இன்ஜினுக்குப் பூஜ போட்டிருக்கிறான்டா. மூடிக்கு உள்பக்கம் இன்னும் குங்குமம் இருக்குது, சின்ன வெரலு அச்சு. மறுநாளு எல்லாத்தையும் பிச்சுப் போட்டிருக்கிறான், ஒரு துண்டு மட்டும் உள்ள மாட்டிக்கிச்சு, அது வழியாத்தான் கரண்டு குறுக்கால ஓடியிருக்குது. ஓட்டினான், ஒயரு பொகஞ்சுது, அண்ணன் வெச்ச ஈயம் சரியில்லன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சான், திருட்டுப் பையன்.

ஒயர மாட்டித் திரும்ப வெச்சேன். பல்பு மங்கிச்சு, இன்ஜின் கெளம்பிச்சு. சுத்தி சுத்தி வந்துச்சு. தம்பி இருந்தா தண்டவாளத்துல கன்னத்த வெச்சுப் படுத்துக்கினு பாப்பான், யாருமே இல்லாம அது பாட்டுக்கு ஓடுது. நைனா கழனில இருந்து வந்து நின்னு பாத்தாரு. நிறுத்துடி, பாக்க முடியலன்னாரு. அப்புறம் அந்த ஜிகினாவக் குடுன்னு கேட்டு வாங்கி, சுருக்குப் பையில போட்டுக்கினாரு. அன்னிக்கு அவரு சோறு துன்னல.

உன் மனசு ஆறட்டும்னு இத்த கட்டி எழுதல, ஜிகினா நைனாகிட்ட இருக்குது, வந்து பாரு. தம்பி அம்மை வந்து செத்தான். உன் ஈயத்தால இல்ல, நீ வராததால இல்ல. ரயிலு ஓடியிருந்தாலும் செத்திருப்பான். இத்த எழுத எனுக்குக் கை வரல, ஆனா யாராவது உனுக்குச் சொல்லணும். ஒருத்தன மண்ணுல வெச்சுட்டேன். இன்னொருத்தன் உசுரோட இருந்துக்கினே வராம இருந்தா நான் என்னடா பண்ணுவேன்.

நல்லா இரு, உன் கை வேல நல்லா வரட்டும், சாமி உன்னக் காப்பாத்தட்டும். படையலுக்கு முந்தின நாளே வந்துடு, லீவு இல்லன்னு எழுதாத. அழறதா இருந்தா இங்க வந்து அழு, நானும் நைனாவும் ஆளுக்கொரு மூலையிலதான் அழுதுக்கினு இருக்கிறோம்.

உன் அம்மா
எ. அம்சவேணி