அக்கரை டாமார் கிளை

நேற்று வெள்ளிக்கிழமை. பள்ளிவிட்டு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே வீட்டுக்குள்ளிருந்து நீ கொடுத்த பிசினின் வாசம் வந்தது. என் மேசைமேல் இருந்த டாமார் பிசின் கட்டியைச் சாம்பிராணி என்று நினைத்து அம்மா தூபக்காலில் போட்டுவிட்டார்.

"ஐயோம்மா, அது அவ கொடுத்ததும்மா!"

அம்மா நெருப்பைக் கிளறிப் பார்த்தார். ஒன்றும் மிஞ்சவில்லை. "தெரியாம போச்சேடா," என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

காட்டு இலாகாவில் வேலை செய்யும் உன் அப்பா பகாங் மலையிலிருந்து கொண்டுவந்த கட்டி அது. டாமார் மரம் பூக்காது, பைன் மரம்போல் கூம்புதான் காய்க்கும் என்று நீதான் சொன்னாய். கிளேபாங் கடற்கரையில் ஒரு நாள் கையை நீட்டிக் காட்டினாய்.

"பனியுகத்துல தண்ணியெல்லாம் வடக்க பனியா உறைஞ்சி, இங்க கடல் வத்திக் கெடந்துச்சாம். இங்கேருந்து சுமத்ராவுக்கு நடந்தே போலாம்."

"சப்பாத்து தேஞ்சிரும்லா."

என்மேல் மணலை வீசினாய். அப்போது இரு பக்கமும் ஒரே காடாக இருந்திருக்கலாம், கடல் ஏறிப் பிரித்திருக்கலாம் என்றாய். இத்தனை காலம் பிரிந்திருந்த அக்கரை மரம் இன்னும் நம் மரம்தானா? அதுதான் உன் கேள்வி. ஆற்று முகத்துவாரத்தில் கரி இறக்க வந்த சுமத்ராப் படகோட்டியிடம் ஒரு கிளை கேட்டாய். அடுத்த முறை கொண்டுவருவதாகச் சொல்லிச் சிரித்தான்.

சுதந்திர நாளன்று, மெர்டேக்காவுக்கு ஊரே திடலில் கூடியிருந்தபோது நீ காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாய். கொடியைப் பற்றிச் சொல்ல ஓடி வந்தேன். "படகு வந்துச்சா?" என்றுதான் கேட்டாய். பிசினை என் கையில் வைத்தாய். "கெளை வந்தா மோந்து பாத்து சொல்லு, ரெண்டும் ஒரே வாசமான்னு." அதுதான் நீ கடைசியாகப் பேசியது.

இன்று காலை படகு வந்தது. நேற்றைய புகை ஏறிய பள்ளிச் சட்டையையே போட்டுக்கொண்டு ஓடினேன். படகோட்டி கிளையை நீட்டி, "கவான் மானா?" என்று உன்னைத் தேடினான்.

"வீட்டில்," என்றேன் மலாயில்.

வெட்டிய இடத்தில் பிசின் கசிந்திருந்தது. அதை முகர்ந்தேன். பிறகு என் சட்டைக் கையை முகர்ந்தேன். ஒரே வாசம்போலத்தான் இருந்தது. ஆனால் நீ விடமாட்டாய். "ஒரு மரத்த வச்சி சொல்லக்கூடாது. ஒரே காட்டுலயே மரத்துக்கு மரம் வித்தியாசம் இருக்கும்," என்பாய்.

வேறு வேறு மரங்களிலிருந்து கிளைகள் வேண்டும் என்றேன்.

அவன் சிரித்தான். "உன் தோழிக்கு இன்னும் எத்தனைதான் வேண்டும்?"

"நிறைய கேட்டிருக்கிறாள்," என்றேன்.